அணி தோற்றால் ஆட்டக்காரரும் தோற்றவரா?



ஒருவருடைய தகுதியை நாம் எதைக் கொண்டு எடை போடுகிறோம்? பெரும்பாலும் அவர் சேர்ந்திருக்கும் கூட்டத்தின் வெற்றி தோல்வியைக் கொண்டுதான். வென்றவர்களோடு நின்றவர் திறமைசாலி. தோற்றவர்களோடு நின்றவர் ஏதோ குறையுள்ளவர். இந்த அளவுகோல் சரிதானா என்பதை ஒரு விளையாட்டு வீரரின் வரலாற்றை வைத்துச் சிந்திப்போம்.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், பிடித்தும் ஆடும் ஆட்டம் அது. ஒரு நேரத்தில் அணிக்குப் பதினொருவர் களத்தில் நிற்பர். பந்தை எறிபவரைக் குவார்ட்டர்பேக் என்பர். முன்னே ஓடிச் சென்று அதைப் பிடிப்பவரை ரிசீவர் என்பர். பிடித்து முன்னேறிய தூரம் கஜக் கணக்கில் எழுதப்படும். பந்தோடு எல்லைக் கோட்டைக் கடந்தால் அது டச்டவுன். அதற்கு 6 புள்ளிகள். தாக்கி ஆடும் குழு வேறு, தடுத்து ஆடும் குழு வேறு. எதிரணி தாக்கும்போது ரிசீவர் களத்திற்கு வெளியே அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

கால்வின் ஜான்சன் அத்தகைய ரிசீவர். ஆறரை அடிக்குச் சற்றே குறைந்த உயரம். அந்த உடலுக்கு வியப்பூட்டும் வேகம். 2007ஆம் ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில் இரண்டாமவராக அவரை எடுத்துக்கொண்டது டெட்ராய்ட் லயன்ஸ் அணி. மறு ஆண்டே அந்த அணி ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றது. பதினாறு ஆட்டப் பருவம் ஒன்றில் ஒரு வெற்றிகூடப் பெறாத முதல் அணி என்ற அவப்பெயர் அதற்கு வந்து சேர்ந்தது.

அதே 2008ஆம் ஆண்டில் ஜான்சன் என்ன செய்தார்? 78 முறை பந்தைப் பிடித்து 1,331 கஜம் முன்னேறினார். 12 டச்டவுன்கள் பெற்றார். அவ்வாண்டு பந்தைப் பிடித்து அதற்கு மேல் பெற்றவர் எவருமில்லை. அவருக்கு எறிந்தவரோ நிலையான ஒருவர் அல்லர். அந்தப் பருவத்தில் பலர் மாறி மாறி அப்பொறுப்பில் இறங்கினர். லயன்ஸ் தடுப்புக் குழுவோ எதிரணிகளுக்கு 517 புள்ளிகளை விட்டுக்கொடுத்தது. சராசரியாக ஓர் ஆட்டத்திற்கு 32 புள்ளிகள்! வெளியே அமர்ந்திருப்பவர் அதை எப்படித் தடுக்க முடியும்?

இவ்விடத்தில் நியாயமான ஓர் ஐயம் எழும். தோற்கும் அணி எப்போதும் பின்தங்கியே இருக்கிறது. விரைவில் புள்ளி சேர்க்க வேண்டி அது ஓயாமல் பந்தை எறிகிறது. அதிகம் எறிந்தால் ஒருவரின் கணக்கில் கஜங்கள் தாமாகவே ஏறாவா? ஆகவே அந்த எண்கள் வெறும் வீக்கம்தானே?

இந்த ஐயத்தைத் தள்ளிவிடக் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். 2012ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அப்போது எறிபவராக இருந்த மேத்யூ ஸ்டாஃபோர்ட் அந்த ஒரே பருவத்தில் 727 முறை எறிந்தார். அது அப்போது ஒரு சாதனை எண்ணிக்கை. ஜான்சன் 122 முறை பிடித்து 1,964 கஜம் முன்னேறினார். ஜெர்ரி ரைஸ் 1995இல் நிறுவிய 1,848 கஜச் சாதனை முறிந்தது. வாய்ப்பு மிகுந்திருந்தது உண்மையே. ஆனால் ஒவ்வோர் எறிதலும் என்ன பலன் தந்தது என்று பாருங்கள். ஜான்சனை நோக்கிச் சென்ற எறிதல் ஒன்றுக்குச் சராசரியாக 9 கஜத்திற்கு மேல் கிடைத்தது. அதே அணியில் மற்றவர்களை நோக்கிச் சென்றவற்றுக்குச் சுமார் 6 கஜமே கிடைத்தது. எறிந்த கை ஒன்றே. பிடித்த கைதான் வேறு. அந்த வேறுபாடே அவருடைய மதிப்பு.

எனினும், கணக்கின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அத்தனை கஜங்களுக்கு அவ்வாண்டு அவர் பெற்ற டச்டவுன்கள் ஐந்தே. அணி 4 ஆட்டங்களில் வென்று 12இல் தோற்றது. சாதனை முறிந்த டிசம்பர் 22ஆம் நாள் ஆட்டத்திலும் லயன்ஸ் அணிக்குத் தோல்வியே. சாதனைப் பந்தை ஜான்சன் களத்தின் ஓரத்தில் நின்ற தம் தந்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஒருவரை அளக்க இன்னுமொரு வழி, எதிரிகள் அவரை எப்படி மதித்தார்கள் என்று பார்ப்பது. ஜான்சனைத் தடுக்க ஒருவர் போதாதென்று இருவரை நிறுத்துவது எதிரணிகளின் வழக்கமாயிற்று. 2011 அக்டோபரில் டல்லஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில் சூழ்ந்து நின்ற மூவருக்கு நடுவே எழும்பிப் பந்தைப் பறித்தார். 27க்கு 3 என்று பின்தங்கியிருந்த லயன்ஸ், அன்று 34க்கு 30 என்று வென்றது. அந்தப் பருவத்தின் இறுதிச் சுற்றுகளுக்கும் அணி தகுதி பெற்றது. நியூ ஆர்லியன்ஸ் அணிக்கெதிரான அந்த ஆட்டத்தில் ஜான்சன் 12 முறை பிடித்து 211 கஜமும் 2 டச்டவுன்களும் பெற்றார். முடிவு? 45க்கு 28 என்று தோல்வி.

ஒன்பது பருவங்களில் அவரது அணி 54 ஆட்டங்களில் வென்றது. 90 ஆட்டங்களில் தோற்றது. உடல் தேய்ந்த நிலையில், 2016 மார்ச்சில், 30 வயதிலேயே அவர் ஓய்வு பெற்றார். ஒப்பந்தத்தின்போது அளித்த தொகையில் ஒரு பகுதியை அணி நிர்வாகம் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த மனத்தாங்கல் நெடுநாள் நீடித்தது. ஆனால் விளையாட்டுலகம் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. 2021இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, புகழ்பெற்ற வீரர்களின் மண்டபத்தில் அவருக்கு இடம் தந்தது. அதே 2021இல், 17 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவத்தில், வாகை சூடிய அணியின் கூப்பர் கப்பும் 1,947 கஜம் வரையே எட்டினார்.

வாசகர்களே! வெற்றி என்பது பலருடைய உழைப்பின் கூட்டுத் தொகை. அதை ஒருவர் தலையில் மகுடமாகச் சூட்டுவதும் தவறு. தோல்வியை ஒருவர் முதுகில் மூட்டையாக ஏற்றுவதும் தவறு. நலிந்த பள்ளியில் பயிலும் பிள்ளையையும், நொடித்த நிறுவனத்தில் உழைத்த ஊழியரையும் மதிப்பிடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அவர் கைக்கு வந்தது என்ன? வந்ததை வைத்து அவர் செய்தது என்ன? அதே வாய்ப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் செய்தது என்ன? இவற்றுக்கு விடை கண்ட பின்னரே தீர்ப்புச் சொல்லுங்கள்.