புள்ளியை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

கடைக்குக் கணினி பில் முறையொன்றைச் செய்விக்கும்போது, "வேகமாக இயங்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறோம். செய்தவர் இதுதான் வேகம் என்பார். நாம் இல்லை என்போம். அதற்குள் பாதிப் பணம் கைமாறியிருக்கும்.

பொறியியல் துறையில் இது பழைய வியாதி. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1990களில் இதற்கென ஏ.ஆர்.எம். என்ற மென்பொருளை உருவாக்கியது. தேவைகளை எழுதிய ஆவணத்தில் 'போதியளவு', 'பொருத்தமானவாறு', 'பின்னர் தீர்மானிக்கப்படும்' போன்ற வழுக்கும் சொற்களைத் தேடி அது எண்ணிக் காட்டியது. பின்வந்த மென்பொருள்கள் ஒவ்வொரு வரிக்கும் தரப்புள்ளியே இடுகின்றன.

இவை பயனுள்ளவைதாம். புள்ளி குறைந்த வரியை, "ஸ்கேன் செய்து 2 செக்கனுக்குள் விலை திரையில் தோன்ற வேண்டும்" என்று திருத்தினால் தகராறுக்கு இடமில்லை. ஆனால் 2க்குப் பதிலாக 20 என்று எழுதினாலும் வரி தெளிவானதே, புள்ளி குறையாது. தராசு நிறையைச் சொல்லும். அரிசியில் கல் இருப்பதைச் சொல்லாது.

1999இல் செவ்வாய்க் கிரகத்தை அடைந்த நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர் விண்கலம் அழிந்தது. தரவுகள் மெட்ரிக் அலகில் இருக்க வேண்டும் என்று ஆவணம் தெளிவாகவே கூறியது. தரப்பட்டதோ வேறு அலகில். குறை எழுத்தில் அல்ல, சரிபார்ப்பில்.

எனவே புள்ளியைச் சான்றிதழாக எடுக்காதீர்கள்; எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதற்கு அடையாளமாக எடுங்கள். பின்னர் செய்பவரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் எப்படிச் சோதித்து ஏற்பது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். அதன்பிறகே முற்பணம் கொடுங்கள்.