விடைபெறு விழாவும் ஒரு குழுப்படமும்

பங்குனி பிறந்ததும் காஞ்சிபுரத்துக் கல்லூரிகளில் பிரிவு உபசார விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. இறுதியாண்டு மாணவியர் பட்டுப் புடவையிலும் மாணவர்கள் வெள்ளை வேட்டியிலும் துறை வாயிலில் கூடுகின்றனர். "ஐயா, நீங்களே எடுங்கள்" என்று கைபேசியை நம்மிடம் நீட்டுகின்றனர். அவர்தம் முகங்களைச் சட்டத்துக்குள் அடக்க முயலுந்தோறும் நம் இளமையும் உடன் வந்து நின்றுவிடுகிறது. நம் நாளில் படச்சுருள் ஒன்றுக்கு 36 படங்களே. கழுவி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டவர் எவரென்று தெரியாது! குழுப்படத்தின் படிக்குப் பணம் கட்ட இயலாத நண்பன் ஒருவன் அன்று கல்லூரிக்கே வரவில்லை. மூன்றாண்டுகள் நம்மருகே அமர்ந்திருந்தவன் அந்தப் படத்தில் இல்லை.

இவ்வொப்பனைகள் யாவும் மேனாட்டுப் பழக்கம், வீண் ஆடம்பரம் என முகஞ்சுளிப்போர் உளர். அமெரிக்கப் பள்ளி மாணவர் விடைபெறும் பருவத்தில் கூடும் நடன இரவைப் 'பிராம்' என்பர். பம்பாய்ப் பாக்லண்டு சாலைப் பெண்களையும் இந்திய சர்க்கஸ் கலைஞர்களையும் படமெடுத்த மேரி எலன் மார்க், 2006 முதல் 2009 வரை பல ஊர்ப் பள்ளிகளுக்குச் சென்று அவ்விரவின் இளைஞர்களைப் படம்பிடித்தார். 20 அங்குலத்துக்கு 24 அங்குலம் அளவில் படம் தரும் பெரிய போலராய்டு கேமராவே அவர் கருவி. 2012இல் அது நூலாயிற்று. இளைஞரின் ஒப்பனையை அவர் எள்ளவில்லை; படங்களுக்குத் தலைப்பாக அவர்தம் பெயர்களையே இட்டார். அச்செயலையே நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். கோர்வைப் பட்டில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடாக்கள். நெய்பவர் ஒருவர், மறுபுறம் அமர்ந்து கரைநாடாவைக் கோத்துக் கொடுப்பவர் இன்னொருவர். அவ்விரண்டாம் இடத்தில் நெடுங்காலம் அமர்ந்திருந்தோர் பெரும்பாலும் சிறுவரும் சிறுமியருமே. பெற்றோர் வாங்கிய முன்பணம் அவர்களைத் தறியோடு பிணைத்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் துணி நெசவில் குழந்தைகளை அமர்த்துவதைத் தடுத்தது. ஆயினும் குடும்பத்தினரோடு செய்யும் தொழிலுக்கு விலக்களித்தது. வாயிற்கதவைச் சாத்திப் புறக்கடையைத் திறந்து வைத்த கதைதான்! 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட பட்டுத்தொழிற் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றிய அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. விடைபெறு விழாவே இல்லாமல் இளமையைக் கழித்தோர் நம் தெருக்களில் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் மக்களுட் சிலரே இன்று நம் கேமராவின்முன் நிற்கின்றனர்.

நெசவாளர் வீட்டு மகள் உடுத்திவரும் பட்டு பல வேளை இரவலாகவே இருக்கும். தறியில் ஏறும் பட்டு சங்கத்துக்கோ முதலாளிக்கோ உரியது. 'காஞ்சிவரம்' திரைப்படம் பேசிய துயரும் இதுவே. ஒருநாள் அவள் அதை உடுத்திப் படமெடுத்துக்கொண்டால் அதனை ஆடம்பரம் என்பது அறமாகுமா?

ஆனால் எடுத்த படங்கள் எங்கே? கைபேசியில் நூறு படங்கள் குவிகின்றன. கைபேசி பழுதானால் அவையும் போயின. ஆகவே துறைதோறும் ஆண்டுக்கு ஒரு குழுப்படமேனும் தாளில் அச்சிடப்பட்டுச் சுவரில் மாட்டப்பெறல் வேண்டும். செலவைத் துறையே ஏற்கட்டும். எவரிடமும் பணம் தண்ட வேண்டா. நிற்கும் வரிசைப்படி பெயர்களை அடியில் எழுதுக. படத்தில் நிற்க விரும்பாத மாணவியரும் உண்டு. அவர் விருப்பம் மதிக்கத்தக்கது. அவர்தம் பெயர்களும் அப்பட்டியலில் இருக்கட்டும்.