சீமைக் கருவேலத்தை வெட்டினால் நிலம் மீளுமா? விவசாயிகளிடம் ஏன் இரண்டு பதில்?

மயிலாப்பூர், தி.நகர் தெருமுனைகளில் இஸ்திரிப் பெட்டிக்குள் கனல்வதும், அடையாறு பக்கம் உணவகங்களின் கிரில் அடுப்பில் எரிவதும் மரக்கரி. தமிழ்நாட்டில் விற்பனையாகும் மரக்கரியில் பெரும்பங்கு சீமைக் கருவேலம்தான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கத்து மானாவாரி நிலங்களில் வெட்டி, மூட்டம் போட்டு எடுப்பது. அந்த மரத்தை ஒன்றுவிடாமல் ஒழித்துவிட வேண்டியதுதானே என்று சென்னையில் உட்கார்ந்து கேட்பது சுலபம். அந்த ஊர்களில் போய்க் கேட்டால் இரண்டு பதில் வரும்.

கண்மாயை நம்பி நெல் போடுபவருக்கு அது எதிரி. வரத்துக்கால்வாயில் மரம் அடர்ந்தால் தண்ணீர் வந்து சேராது, வண்டல் தேங்கும். பக்கத்து வயல் கொஞ்ச காலம் தரிசாகக் கிடந்தால் போதும். ஆடு, மாடு நெற்றைத் தின்றுவிட்டுப் போடும் சாணத்திலிருந்தே முளைத்துவிடும்.

மழை பொய்த்து விதைப்பையே கைவிட்டவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு பயிர். உரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வெட்டினால் கையில் காசு. நிலமில்லாதவர்களுக்கும் வெட்டுக்கூலி, மூட்டக்கூலி கிடைக்கும். இந்த இருவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கண்மாய்க்குக் கீழே நஞ்சையும் மேட்டில் புஞ்சையும் வைத்திருக்கும் ஒரே குடும்பத்துக்கே இரண்டு கருத்தும் இருக்கும்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

மதிமுக பொதுச் செயலாளர் வைகோ தொடுத்த வழக்கில், தென் மாவட்டங்களில் மரங்களை அகற்றும் பணியை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017 தொடக்கத்தில் முடுக்கிவிட்டது. அந்த ஏப்ரலிலேயே சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. பாதிப்பு பற்றிய அறிவியல் ஆய்வு எங்கே என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. நியாயமான கேள்விதான். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, மாடுகளை மலடாக்குகிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியவற்றுக்கு ஆதாரம் இல்லை. நீர்வழி அடைபடுவதும், மற்ற செடிகள் அதன் கீழே முளைக்கத் திணறுவதும் உண்மை.

வெட்டினால் போயிடுமா?

போகாது. தரையோடு அறுத்தால் அடித்தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து, முன்பைவிடப் புதராகும். மண்ணில் கிடக்கும் விதையும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். தூரோடு பறிக்க பொக்லைன் வேண்டும். அந்த வாடகை சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. விறகுக்காக ஒப்பந்தம் எடுப்பவர் மேலே இருப்பதை அறுத்துக்கொண்டு போய்விடலாம். தூரையும் பறிக்க வேண்டும் என்று பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், லாபம் அவருக்கு, முள் நிலத்துக்காரருக்கு.

அவசரத்தில் இன்னொரு தப்பும் நடக்கும். கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலமும் இருக்கும். அதன் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாதிரி. சீமையின் பூ விரல் போல நீளம். இயந்திரம் இந்த வித்தியாசம் பார்க்காது.

மீட்டெடுக்க என்னென்ன வேண்டும் என்பதை சென்னைக்காரர்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய 58 ஏக்கர் அடையாறு பூங்கா, 2011 ஜனவரியில் திறக்கப்பட்டது. கட்டட இடிபாடும் சீமைக் கருவேலமும் மண்டிக் கிடந்த இடம் அது. மரத்தை அகற்றியதோடு நிற்காமல், குப்பையை அள்ளி, தண்ணீர் வந்துபோக வழிசெய்து, நாட்டு மரக்கன்றுகளை நட்டுப் பராமரித்தார்கள். அரசுப் பணத்தில், 58 ஏக்கருக்கு அது முடிந்தது.

தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்ட அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கையும் அகற்றுவதோடு சூழல் மீட்பையும் சேர்த்தே பேசுகிறது. கண்மாய், கால்வாய், சாகுபடி நிலத்தில் தூரோடு எடுப்பதும், பட்டா புஞ்சையில் கரிக்காக விட்டுவைப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. ஆனால் விட்டுவைத்த புஞ்சையிலிருந்து நெற்றைத் தின்ற ஆடு மறுநாள் கண்மாய்க்குள்தான் மேயும். அங்கே வருஷா வருஷம் முளைப்பதைப் பிடுங்கும் கூலியை ஊராட்சி தருமா, நீர்வளத் துறை தருமா என்பதுதான் இப்போது ஊர்க்கூட்டங்களில் கேட்க வேண்டிய கேள்வி.