சுழி பார்க்கிறோம், வாலடியைப் பார்ப்பதில்லை

குதிரை ஒன்று வேப்பமரத்தில் பின்பக்கத்தைச் சாய்த்து இடமும் வலமுமாகத் தேய்க்கிறது. அதற்கு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்து யாரோ போட்ட வீடியோ இந்த வாரம் மூன்று குழுக்களில் இருந்து எனக்கு வந்துவிட்டது. 'சார், உங்களுக்குத்தான் குதிரை பிடிக்குமே' என்று பழைய மாணவர் ஒருவர் வேறு அனுப்பியிருந்தார். அது டான்ஸ் இல்லையப்பா, அரிப்பு. வாலடியில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து மடிப்பு விழுந்திருப்பது வீடியோவிலேயே தெரிகிறது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லாமல் சொரிந்துகொண்டிருக்கும் ஒரு ஜீவனைப் பார்த்துத்தான் நாம் சிரிப்பு பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் விலங்கியல் வாத்தியார். அந்தியூர்ப் பக்கம் வேலை பார்த்த வருடங்களில், ஆடி பிறந்தால் குருநாதசாமி கோயில் திருவிழாவின் குதிரைச் சந்தைக்குப் போகாமல் இருந்ததில்லை. கத்தியவார், மார்வாரி, வெள்ளை வெளேரென்று நொக்ரா என்று வரிசையாக நிற்கும். வாங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது சுழி. நெற்றியில் எங்கே இருக்கிறது, கழுத்தில் எப்படித் திரும்புகிறது என்று விரலை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். சுழி சரியில்லை என்றால் பேரம் அந்த இடத்திலேயே முறிந்துவிடும். பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிடரியை விலக்கித் தோலைப் பார்ப்பவரும், வாலைத் தூக்கி அடியைப் பார்ப்பவரும் அபூர்வம். லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் பிராணிக்கு இது அநியாயம் என்பது என் கட்சி. சுழி பார்ப்பதை விடச் சொல்லவில்லை. அது அவரவர் நம்பிக்கை. அதோடு இதையும் பாருங்கள் என்கிறேன்.

பிடரியிலும் வாலடியிலும் அரிப்பு என்றால், உலகம் முழுக்க முதலில் சந்தேகப்படுவது கியூலிக்காய்டிஸ் என்ற குட்டிப் பூச்சியை. 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் ஆட்டுக்காரர்களுக்கு இதைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டாம். ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைக் கொண்டுவருவதும் இதே குடும்பம்தான். சேறு, ஈரச் சாணம், மட்கிய குப்பை, இவைதான் அதன் தொட்டில். விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் கடிக்கும். கடியை விட அதன் எச்சில்தான் பிரச்சினை. சில குதிரைகளின் உடம்புக்கு அந்த எச்சில் ஒவ்வாது. அதனால்தான் ஒரே லாயத்தில் நிற்கும் நான்கு குதிரைகளில் ஒன்று மட்டும் சுவரைத் தேய்க்கும், மற்ற மூன்றும் பேசாமல் கொள்ளு தின்றுகொண்டிருக்கும்.

இந்தப் பூச்சிக்குப் பறக்கும் பலம் குறைவு. நல்ல காற்று அடித்தால் எழும்பாது. இப்போது நம் சந்தை எந்த மாதம் என்று யோசித்துப் பாருங்கள். அம்மியை நகர்த்தும் ஆடிக் காற்றில் குதிரை பளபளவென்று நிற்கும். வாங்கிப் போய், ஐப்பசி மழை இறங்கி, லாயத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய பிறகு சொரிய ஆரம்பிக்கும். உடனே 'சுழியில் ஏதோ தப்பு, வீட்டுக்கு ஆகவில்லை' என்று கைமாற்றிவிடுவார்கள். கைமாறிக் கைமாறி அந்தக் குதிரை எங்கே போய்ச் சேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐஸ்லாந்து என்ற குளிர்த்தீவின் குதிரைகள் கதை இன்னும் சுவாரசியம். ஆயிரம் வருடங்களாக இந்தப் பூச்சியோடு பழக்கமே இல்லாமல் வளர்ந்த இனம். வளர்ந்த பிறகு ஐரோப்பாவுக்கு விற்கப்பட்டால், அவற்றில் பலவற்றுக்கு இந்த அரிப்பு வந்துவிடுகிறது. அதே இனத்தில் ஐரோப்பாவிலேயே பிறந்த குட்டிகளுக்கு அவ்வளவு வருவதில்லை. ஆக, குதிரையின் குணத்துக்கும் ராசிக்கும் இதில் வேலையே இல்லை.

பிடரி நன்றாக இருந்து வாலை மட்டும் தேய்த்தால், வேறு ஒன்றையும் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கீரிப்பூச்சி வந்தால் ராத்திரி என்ன செய்வார்கள் என்று தாய்மார்களுக்குத் தெரியும். குதிரைக்கும் அப்படி ஒரு புழு உண்டு (மனிதருக்குத் தொற்றாது, பயம் வேண்டாம்). பெண் புழு ஆசனவாய்க்கு வெளியே வந்து பசைபோல் முட்டையை ஒட்டிவிட்டுப் போகும். அந்தப் பசை காயக் காய அரிப்பு தாங்காது. கண்ணாடி மாதிரித் தெரியும் ஒட்டு டேப்பை அந்த இடத்தில் ஒற்றி எடுத்து, கால்நடை மருத்துவரிடம் கொடுத்தால் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார். குடற்புழு மருந்து கொடுப்பதோடு, அந்த இடத்தை ஈரத்துணியால் தினமும் துடைக்கவும் வேண்டும். பேன், சொறி, பெண் குதிரையின் மடியிடுக்கில் சேரும் அழுக்கு என்று வேறு காரணங்களும் உண்டு. எது என்று தெரியாமல் மருந்து போடுவது கேள்வித்தாளைப் படிக்காமல் விடை எழுதுகிற வேலை.

நான் கண்ணால் பார்த்த வைத்தியங்கள்தான் அந்த ரகம். மண்ணெண்ணெய் தடவுவார்கள். வண்டியில் வடித்த கறுப்பு ஆயிலைப் பூசுவார்கள். புண்ணான தோல் வெந்துபோகும். இதைவிட ஆபத்து, மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போக அடிக்கும் அமிட்ராஸ் மருந்தைக் கலக்கிக் குதிரை மேலும் ஊற்றுவது. குதிரையின் குடல் அசைவையே அது முடக்கிவிடும். லத்தி இறுகி, வயிற்று வலியில் உயிர் போகக்கூடும். கடைக்காரர் 'எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க' என்றால் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான், அரிப்பு உடனே அடங்கும். ஆனால் சில குதிரைகளுக்குக் குளம்புக்குள் அழற்சி வந்து நடக்கவே முடியாமல் போகலாம். அது மருத்துவர் பார்த்துப் போட வேண்டியது.

நம் கையில் இருப்பது எளிமையானது. வெயில் தாழ்வதற்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றி உடம்பைக் குளிரவைத்து, சோப்பு நுரை துளிகூடத் தங்காமல் அலசித் துடைத்துவிடுங்கள். நுரை தங்கினால் அதுவே அரிக்கும். அந்திக்கு முன்பே உள்ளே கட்டி, ஒரு மின்விசிறியைக் குதிரைக்கு எட்டாத உயரத்தில் ஓடவிடுங்கள். பறக்கப் பலம் இல்லாத பூச்சிக்கு அதுவே ஆடிக் காற்று. வேப்பிலைப் புகைமூட்டம் மாட்டுக்கொட்டகைப் பழக்கம். அடைத்த லாயத்தில் குதிரையின் நுரையீரல் அதைத் தாங்காது, இருமல் பிடிக்கும். சாதாரணக் கொசுவலையையும் நம்ப வேண்டாம், அதன் கண் வழியே இந்தப் பூச்சி நுழைந்துவிடும். நெருக்கமான நெசவில் துணி வேண்டும். வேப்பெண்ணெய் தடவ ஆசைப்பட்டால், தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, ஒரு ரூபாய் அளவு இடத்தில் போட்டு, ஒரு நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள். லத்தியை தினம் அள்ளித் தூரத்தில் கொட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள சேற்றுக்கு மண் போடுங்கள்.

குதிரைக்காரர்கள் சிலருக்கு என் மேல் கோபம் வரும் என்று தெரிந்தேதான் இன்னொன்றையும் எழுதுகிறேன். இந்த ஒவ்வாமை பரம்பரையில் இறங்கக்கூடியது. மழைக்காலம்தோறும் வாலடி மொட்டையாகும் பொலிகுதிரையை, சுழி நன்றாக இருக்கிறது என்பதற்காகச் சினைக்கு விட்டுக் காசு வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். விற்கும்போது 'மழைக்கு அரிக்கும், சாயந்திரம் உள்ளே கட்டணும்' என்று வாங்குபவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் விலை கொஞ்சம் குறையும். குறையட்டும். வாங்குகிறவர் முதல் மழைக்கே தயாராக இருப்பார், குதிரையும் அடுத்த கைக்குப் போகாது.

அடுத்த ஆடிச் சந்தையில் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, ஒரு கால்நடை மருத்துவர், ஒரு ஒட்டு டேப் கட்டு இருந்தால் போதும், வாங்குவதற்கு முன்பே வாலடியைப் பார்த்துவிடலாம். அந்தப் பக்கத்துக் கால்நடை மருத்துவர்கள் சிலர் என் மாணவர்கள். இந்தப் பதிவை அவர்கள் கண்ணில் படும்படி பகிருங்கள். மேசையை நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.