சீசிங், ஜப்தி, பறிமுதல்

பிறர் கையில் உள்ளதை வலுவில் எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் ஆங்கில வினைகளுள் 'சீஸ்' என்பது கொங்குப் பகுதியின் பேச்சில் ஏறக்குறையத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. தவணை கட்டத் தவறிய லாரியை நிதி நிறுவனத்தின் ஆட்கள் ஓட்டிச் சென்றுவிட்டால், சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் அதற்குப் பெயர் 'சீசிங்'. அதே லாரி எண்ணெய் வற்றி, சூடேறிய பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டால், பட்டறைக்காரர் சொல்வது 'இன்ஜின் சீஸ் ஆயிடுச்சு' என்பது. முதல் நிகழ்ச்சியில் எடுப்பவரும் உண்டு, இழப்பவரும் உண்டு. இரண்டாவதில் யாரும் எதையும் எடுக்கவில்லை. உடையவருக்கு வண்டி ஓடாது என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது.

இந்த ஒரு வினையை ருஷ்ய மொழியில் பெயர்க்க முற்படுபவர் ஒரு சொல்லோடு தப்பிக்க முடியாது. 'ஹ்வத்' என்னும் அடிச்சொல் கையால் இறுகப் பற்றுவதைக் குறிக்கிறது. அதன் முன்னே வெவ்வேறு முன்னொட்டுகளைச் சேர்த்து அம்மொழி பொருளைப் பிரித்துக்கொள்கிறது. சட்டென்று எட்டிப் பிடித்தால் 'ஸ்ஹ்வதீத்'. ஊரையோ ஆட்சியையோ பிடித்துத் தன்வசம் வைத்துக்கொண்டால் 'ஸஹ்வதீத்'. அச்சமோ தீயோ நாற்புறமும் சூழ்ந்து பற்றினால் 'அஹ்வதீத்'. இறுகிப்போன இயந்திரத்துக்கு இந்தக் குடும்பத்தில் இடமே இல்லை. அதற்கு ஆப்பு என்று பொருள்படும் 'க்ளின்' என்ற சொல்லிலிருந்து பிறந்த வேறொரு வினை இருக்கிறது. 1960இல் பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ருஷ்ய அகராதி மாஸ்கோவில் வெளிவந்ததிலிருந்து இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வசதி உண்டு. அப்படிப் பார்ப்பவருக்கு, ருஷ்யன் சொல்லின் முன்னால் செய்வதைத் தமிழ் பின்னால் செய்கிறது என்பது விளங்கும். பற்று, பற்றிக்கொள், பறி, பறித்துக்கொள், பிடுங்கிவிடு, பிடுங்கிப்போடு என்று முதல்வினைக்குப் பின் துணைவினையைச் சேர்த்து, எடுத்தது யாருக்காக, எவ்வளவு முடிவாக என்பதைத் தமிழ் சொல்லிவிடுகிறது.

முதல்வினைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அதைக் கற்றுக்கொள்ள அகராதியைவிட வயற்காடு உதவும். சத்தியமங்கலத்தில் பொழுது விடியும் முன்பே மல்லிகை பறிக்கிறார்கள். அதே மாவட்டத்தில் நிலக்கடலையையும் குச்சிக்கிழங்கையும் பிடுங்குகிறார்கள். பறித்தால் செடி நிற்கும், மறுநாளும் பூக்கும். பிடுங்கினால் வேரோடு போய்விடும். நாற்றைப் 'பறிப்பதும்' வேரோடுதானே என்று கேட்கலாம், ஆனால் அது வேறு இடத்தில் நடுவதற்காக எடுப்பது. இந்த உணர்வு வன்செயலைச் சொல்லும்போதும் தொடர்கிறது: சாலையில் போகும் பெண்ணின் கழுத்திலிருந்து சங்கிலியைப் பறிக்கிறார்கள், ஆனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பாகிய வண்டியையோ நிலத்தையோ பிடுங்கிக்கொள்கிறார்கள். முன்னது கணப்பொழுதில் நடப்பது. பின்னதில் எதிர்த்து நின்றும் தோற்றுப்போனவரின் வலி ஒலிக்கிறது.

வழியில் செல்வோரின் பொருளைப் பறித்தலாகிய வழிப்பறிக்குக் கொங்கு நாட்டில் நெடிய வரலாறு உண்டு. சேரமான் பெருமாள் அளித்த பரிசுகளோடு திரும்பிய சுந்தரரிடம், அவிநாசிக்கு அருகிலுள்ள திருமுருகன்பூண்டியில், சிவபெருமானின் பூதகணங்களே வேடர் உருவில் வந்து பொருளைப் பறித்ததாகவும், அவர் பதிகம் பாடிய பின் அவற்றைத் திருப்பித் தந்ததாகவும் சைவ மரபு கூறுகிறது. கோயில் விழாவில் அது 'வேடுபறி' என்ற பெயரில் இன்றும் நடத்தப்படுகிறது. இறைவனே செய்தாலும் பறி பறிதான் என்று பெயரிட்ட அந்தத் துணிவு பாராட்டத்தக்கது. சட்டம் இவ்விடத்துக்கு வந்து சேர வெகுகாலம் பிடித்தது: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவுதான் பறிப்பைத் திருட்டின் தனி வகையாக வரையறுத்து, மூன்று ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அதற்குத் தனிப் பிரிவு இல்லை. தமிழ் நாளிதழ்களோ அதற்குப் பல்லாண்டுகளுக்கு முன்பிருந்தே 'நகை பறிப்பு' என்று எழுதிவந்தன.

அவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியும் மொழி, அரசு எடுக்கும்போது மட்டும் தடுமாறுகிறது. கடனுக்காக நீதிமன்ற ஆணையின்படி சொத்தை முடக்குவது 'ஜப்தி'. அரபியில் தோன்றி உருது வழியாக வந்த இச்சொல் தெளிவானது, அதற்கு எல்லையும் உண்டு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகலன் ஆகியவற்றை ஜப்தி செய்ய இயலாது என்கிறது. தாலி தப்புவது இதனால்தான். குழப்பம் 'பறிமுதல்' என்ற சொல்லில் இருக்கிறது. குற்றத்தோடு தொடர்புடையதாக ஐயுறும் பொருளைக் காவல்துறை விசாரணைக்காகத் தன் பொறுப்பில் எடுப்பது கைப்பற்றுதல்; சாட்சிகள் முன்னிலையில் மகஜர் எழுத வேண்டும், நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும், உரிமை இன்னும் உடையவரிடமே இருக்கிறது. உரிமையே அரசுக்குப் போய்விடுவதுதான் பறிமுதல். அதற்குச் சட்டத்தில் இடமும் உரிய அதிகாரியின் அல்லது நீதிமன்றத்தின் ஆணையும் வேண்டும். ருஷ்யன் முன்னதை 'இஸ்யாத்', அதாவது உள்ளிருந்து வெளியே எடுத்தல் என்றும், ஈடு தராமல் அரசுடைமையாக்கும் பின்னதைக் 'கன்ஃபிஸ்கவாத்' என்றும் தனித்தனியே சொல்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதை ஈரோட்டு வணிகர் அறிவர். ஈரோடு கிழக்குத் தொகுதியில் 2023 பிப்ரவரி 27ஆம் நாளும் 2025 பிப்ரவரி 5ஆம் நாளும் இடைத்தேர்தல் நடந்தது. இரு முறையும் ஆவணமின்றி ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொண்டுசெல்வோரைப் பறக்கும் படையினர் சாலையில் நிறுத்திச் சோதித்தார்கள். கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குக் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருபவர் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு வருபவர்; மாடு விற்பவர் ரசீது எழுதிக் கொடுப்பவர் அல்லர். ஜவுளிச் சந்தையிலும் ரொக்கம் புழங்குவதால், தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தால் இரண்டு சந்தைகளும் மந்தமாகிவிடுகின்றன. பிடிபட்ட பணத்துக்கு உரிய ஆவணம் காட்டினால் அது திரும்பக் கிடைக்கும்; ஆனால் மறுநாள் செய்தியில் வருவது 'வியாபாரியிடம் பணம் பறிமுதல்' என்பதுதான். குற்றம் எதுவும் மெய்ப்பிக்கப்படாதவர், ஊரார் கண்ணில் பணத்தையும் பெயரையும் ஒருங்கே இழந்தவராகிறார். வணிகரோ 'புடுங்கிட்டாங்க' என்பார். அதுவும் துல்லியமன்று, என்றாலும் அது இழந்தவரின் ஆற்றாமை, செய்தித்தாளுக்கு அந்தச் சலுகை இல்லை.

சீசிங்குக்கும் இதே அளவுகோல் வேண்டும். ஒப்பந்தமும் உரிய அறிவிப்பும் இருந்தால் நிதி நிறுவனம் வண்டியை மீட்டுக்கொள்வது சட்டத்துக்கு உட்பட்டது. அடியாட்களை அனுப்பி நடுச்சாலையில் ஓட்டுநரை இறக்கிவிட்டுக் கொண்டுபோவதை உச்ச நீதிமன்றம் 2007ஆம் ஆண்டில் ஒரு வங்கியின் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது. முன்னதை 'மீட்பு' என்றும் பின்னதைப் 'பறிப்பு' என்றும் எழுதத் தமிழில் தடையேதும் இல்லை. தேர்தல் காலச் செய்திகளைப் பொறுத்தவரை, ஆணை பிறக்காத வரை 'கைப்பற்றப்பட்டது' என்று எழுதுவதே சரி. 'பறிமுதல்' என்பது பிழை.