"பால் காணாது"

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைப்பேறு நடந்த கொட்டில்களில் நாம் திரும்பத் திரும்பக் கேட்ட சொல் ஒன்றுண்டு: "பால் காணாது." 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு வந்த இளம் தாய்மார் இதைச் சொன்னார்கள். 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்களும் இதையே சொன்னார்கள். தாய் வாய் திறக்குமுன் மாமியோ பக்கத்துக் கொட்டில்காரரோ சொல்லிவிடுவதும் உண்டு. அடுத்த நாள் பால்மாப் பேணி வந்துவிடும்.

அந்தப் பேணி அவசரப்பட்டு வருகிறது என்பதே எமது கருத்து.

மாடு வளர்த்த எமக்கு ஒன்று தெரியும். கறக்கும் நேரம் நாய் குரைத்தால், பழக்கமில்லாதவர் மடியில் கை வைத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். மடியில் பால் இல்லாமல் இல்லை, இறங்கவில்லை, அவ்வளவுதான். கன்றை விட்டால் இறங்கும். தாய்க்கும் இப்படித்தான். பயமும் களைப்பும் துக்கமும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும். ஊறுவதை நிறுத்திவிடா. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். போத்தலில் வயிறு நிறைந்த பிள்ளை மார்பில் குறைவாகக் குடிக்கும், ஊறுவதும் குறையும். பிறகு "காணாது" என்ற சொல் உண்மையாகிவிடும்.

நிவாரண அரிசியும் பருப்பும் தின்பவளுக்கு எங்கே பால் என்று கேட்பார்கள். மெலிந்த தாயும் பிள்ளைக்குப் பால் கொடுக்க வல்லவளே. பேணிக்குப் போகும் காசில் மீனும் பயறும் முருங்கையிலையும் வாங்கித் தாய்க்குக் கொடுங்கள்.

பிறந்த அன்று குழந்தைக்கு ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டிப் பாலே போதும். மஞ்சளாகத் தடித்து வரும் முதற்பாலைப் பீச்சி ஊற்றிவிடும் வழக்கம் சில வீடுகளில் இருந்தது. கடும்பு குடியாத கன்று தேறாது என்று தெரிந்தவர்கள்தாம் இதைச் செய்தார்கள்!

குழந்தை அழுவதெல்லாம் பசியால் அல்ல. சலத்தைக் கவனியுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் வெளிறிய சலம் போனால் பால் காணும். குறைந்தால், அல்லது குழந்தை சோர்ந்து கிடந்தால், குடும்பநல உத்தியோகத்தரிடம் உடனே காட்டுங்கள். காம்பு நொந்தால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறது என்று எண்ணலாம். வாயை அகலத் திறக்கவைத்து, சுற்றியுள்ள கருமையான பகுதியும் உள்ளே போக, நாடி மார்பில் முட்டப் பிடிக்கவேண்டும். இது முதல் நாளே கைவராது. நாற்று நடவும் ஒரு நாளில் பழகவில்லையே.

ஆறு மாதம்வரை வன்னி வெயிலிலும் தண்ணீர் வேண்டாம். தாய்ப்பாலின் பெரும்பகுதி தண்ணீர்தான். 2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கத்தின் பின் இலவசப் பால்மா தாராளமாகப் பகிரப்பட்டது. அது கிடைத்த குழந்தைகளிடையே வயிற்றோட்டம், கிடைக்காதவர்களைவிட இரு மடங்காக இருந்தது. தாயை இழந்த பிள்ளைக்கும் வைத்தியர் சொன்ன பிள்ளைக்கும் பால்மா தேவைதான். அதையும் கொதித்த நீரில் கரைத்து, போத்தலை விட்டுக் கோப்பையால் பருக்குவதே பாதுகாப்பு.

ஆண்களுக்கும் வேலை உண்டு. கொட்டிலின் ஒரு மூலையில் சேலையைக் குறுக்கே கட்டி மறைப்புச் செய்யுங்கள். தண்ணீர்க் குடத்தை நீங்கள் தூக்குங்கள். "பால் காணுமோ?" என்று விசாரிக்க வருவோரை முதல் இரண்டு கிழமையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.