நம் வீட்டுப் பிள்ளை



சென்ற ஆண்டு நம் பங்கில் ஒரு சிறுமி புதுநன்மை வாங்கினாள். தந்தை பனியன் கம்பெனி ஒன்றில் மேலாளர். தாய் அங்கேயே கணக்கர். சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் இருவரும் வீடு திரும்ப நள்ளிரவாகும். குழந்தையைக் குளிப்பாட்டி, சோறூட்டி, செபங்களையும் சொல்லிக் கொடுத்தவர் அவ்வீட்டில் வேலை செய்யும் அம்மையாரே. திருப்பலி முடிந்ததும் சிறுமி நம்மிடம் ஓடி வந்து, "சாமி, பெரியம்மா எங்கே? கோவிலில் காணோமே!" என்றாள். பெரியம்மா அடுக்களையில் நின்று விருந்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்.

பெற்றோரிடம் இதைச் சொன்னோம். உண்மையாகவே வருந்தினர். "அவரும் எங்கள் வீட்டு ஆள்தான், சாமி" என்றனர். அதுவும் பொய்யன்று, அவ்வம்மையார் நோயுற்றபோது மருத்துவமனையில் காவலிருந்தவர்கள் அவர்கள். ஆயினும், கம்பெனியில் தீபாவளிப் போனஸ் எத்தனை விழுக்காடு என விரல்விட்டு எண்ணும் நாம், வீட்டில் வேலை செய்பவர் வாய்திறந்து கேட்டால் மட்டும், 'நம் வீட்டுப் பிள்ளை இப்படிக் கணக்குப் பார்க்கலாமா?' என மனம் நோகிறோம். உறவைக் காட்டிக் கூலியைக் குறைப்பது எவ்வகை உறவோ!

ஞாயிற்றை எண்ணிப் பாருங்கள். திருப்பூரில் நமக்கு ஓய்வும் கறிச்சோறும் அன்றுதான். விருந்தினர் வருவதும் அன்றுதான். ஆகவே அவர்களுக்கு வேலை மிகுவதும் அன்றே. ஆங்காங்கில் வீட்டு வேலை செய்யும் பிலிப்பைன்சு நாட்டுப் பெண்கள் பல்லாயிரவர். வாரம் ஒருநாள் ஓய்வு அவர்களுக்குச் சட்டப்படி உண்டு. ஞாயிறுதோறும் பூசை கண்டு, நகரின் நடுவே கூடி, கட்டுச்சோறு பகிர்ந்து உண்டு, ஊர்க்கதை பேசுகின்றனர். வீட்டுப் பணியாளர் உரிமைக்காக 2011-இல் செனீவாவில் நிறைவேறிய உலகத் தொழிலாளர் உடன்படிக்கையை அவர்தம் நாடு மறு ஆண்டே ஏற்று உறுதி செய்தது. ஆதரித்து வாக்களித்த நம் நாடோ இன்னும் உறுதி செய்யவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் நம் பங்கு இல்லத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுப் பணியாளர்க்கென நல வாரியம் தமிழகத்தில் 2007-இல் அமைந்தது. 18 வயது நிறைந்தோர் 60 வயதுக்குள் அதில் பதிய வேண்டும். பதிந்தோர்க்கு முதுமையில் ஓய்வூதியம் உண்டு. தொழிலாளர் உரிமை பற்றித் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் விடுத்த சுற்றுமடலைக் குருமடத்தில் கற்றவர்கள் நாம். மே தினந்தோறும் அதைப் பற்றிப் பிரசங்கமும் செய்வோம். நமக்குச் சமைத்துப் போடும் அம்மையாரின் பெயரைப் பதிய நினைத்த நாளில் அவருக்கு வயது 62. இப்போது திங்கள்தோறும் அவர் பெயரில் அஞ்சலகத்தில் ஒரு தொகை கட்டி வருகிறோம். "எதற்கு சாமி இதெல்லாம்? நான் என்ன வேற்றாளா?" என்கிறார். நமக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க இயலவில்லை.

உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் வயதை இன்றே கேட்டறியுங்கள். 60 ஆகவில்லையெனில் ஆதார் அட்டை, குடும்ப அட்டையுடன் அவரை அழைத்துச் சென்று வாரியத்தில் பதிந்து விடுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்குப் பங்கு இளைஞர் உதவலாம்.